மெய்நிகர் கூடத்தின் எதிர்முழக்கம்

கூடமொன்றில் எழும் ஓசை கேட்பவரின் செவியை நேர்வழியில் அடைவதோடு நிற்பதில்லை; சுவரிலும் தரையிலும் விதானத்திலும் பட்டுத் தெறித்து, சில மில்லிநொடிகள் பிந்தியும் வலுக் குறைந்தும் பல திசைகளிலிருந்து மீண்டும் வந்து சேர்கிறது. இத்தெறிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, மூல ஓசை நின்ற பிறகும் நீடித்துத் தேய்வதே எதிர்முழக்கம். ஓசை 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் எதிர்முழக்க நேரம், கூடத்தின் கனஅளவு பெருகினால் கூடும் என்பதையும் ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் குறையும் என்பதையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன், 1890களில் விரிவுரைக் கூடமொன்றில் இருக்கை மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் செய்த சோதனைகளால் நிறுவினார்.

மெய்நிகர் உலகில் உண்மையான சுவர் இல்லையாதலால், தெறிப்புகளைக் கணினிதான் கணக்கிட்டுத் தர வேண்டும். சுவரைக் கண்ணாடியாகக் கொண்டு, அதற்கு அப்பால் இன்னொரு ஒலிமூலம் இருப்பதாகக் கருதும் பிம்ப முறையைச் செவ்வக அறைகளுக்கு ஏற்பக் கணினிவழியில் ஜான்ட் ஆலனும் டேவிட் பெர்க்லியும் 1979இல் வகுத்தளித்தனர். ஒருமுறை தெறித்து வரும் ஓசைக்கு 6 பிம்பங்கள் போதும். இருமுறைக்கு 18, பத்துமுறைக்கு 402 என எண்ணிக்கை ஏறுவதாலும், பயனர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு கணமும் இரு செவிகளுக்கும் தனித்தனியே ஒலியைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதாலும், எல்லாவற்றையும் துல்லியமாகக் கணிப்பது வீண் செலவு. எனவே திசையையும் அறையின் அளவையும் உணர்த்தும் தொடக்கத் தெறிப்புகளை மட்டும் துல்லியமாகக் கணித்து, செவியால் தனித்தனியே பிரித்தறிய இயலாத பிற்பகுதியைப் புள்ளியியல் முறையில் நிரப்புவர். இதைக் குறுக்குவழி என்று குறைகூறுவதற்கில்லை. உண்மையான இடர் தாழ்ந்த சுரங்களில்தான் இருக்கிறது: 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் ஆதலால், அது தூணைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். ஒலியை நேர்கோட்டுக் கதிராகக் கொள்ளும் கணக்கு இந்த விளிம்பு விளைவைத் தவறவிடும்.

இம்முறைகளின் பயனைப் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் காட்டியது. ஒலியியல் ஆய்வாளர் பிரையன் காட்ஸின் குழுவினர் அங்கே அளந்த தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்த கணினி மாதிரியில், இசையமைப்பாளர் மாஸ்னேயின் படைப்பு 2013இல் அங்கு அரங்கேறிய நிகழ்ச்சியின் பதிவைச் செலுத்தி, காட்சி நகர நகர ஓசையும் மாறும்படி அதை அமைத்தனர். 2019 ஏப்ரல் தீயில் விதானத்தில் துளைகள் விழுந்தபின், அவற்றின் வழியே ஓசை வெளியேறி எதிர்முழக்க நேரம் குறைந்திருந்தது 2020இல் எடுத்த அளவீடுகளில் தெரியவந்தது. பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. தீக்கு முந்தைய அதன் முழக்கத்துக்கு, காட்ஸ் குழுவினர் தீக்கு முன் எடுத்த அளவீடுகள் சான்று.