நிலப் பத்திரங்கள்: எழுதினால் போதாது, பதிய வேண்டும்

அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்து, முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் முன் கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்துவிடுவது கிராமங்களில் உண்டு. பின்னால் ஒருவர் கிணறு வெட்டக் கடன் கேட்டாலோ, வழக்கு என்று வந்தாலோ அந்தத் தாள் கைகொடுக்காது. 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் உரிமையை மாற்றும் பத்திரத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால், உரிமைக்குச் சாட்சியமாகக் கோர்ட்டு அதை ஏற்காது.

பத்திர வகைகள்

கிரயம்: விலைக்கு விற்பது. கிரய அக்ரிமெண்டு மட்டும் நில உரிமை தராது.

பாகப்பிரிவினை: பொதுச் சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது. பெண் மக்களுக்குப் பங்கு இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

விடுதலை: ஒரு பங்குதாரர் தம் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது.

தான செட்டில்மெண்டு: பணம் வாங்காமல் உறவினருக்கு எழுதி வைப்பது. எழுதியபின் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. ஆகவே முதியவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. நிபந்தனை மீறப்பட்டால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி பரிகாரம் கேட்கலாம்.

அடமானம்: கடனுக்கு நிலத்தை ஈடு காட்டுவது. கடன் தீர்ந்ததும் ரசீதுப் பத்திரம் பதிந்து வில்லங்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும்.

உயில்: எழுதியவர் காலத்துக்குப் பின்பே செல்லும். உயிரோடு உள்ளவரை மாற்றலாம். 2 சாட்சிகள் தேவை. பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பின்னால் தகராறு குறையும்.

பதிவு செய்யும் முறை

முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டு, சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, கிணறு, வண்டிப்பாதை உரிமை யாவும் பத்திரத்தில் சரியாக இருக்கின்றனவா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உயில் தவிர்த்த பத்திரங்களைக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தவறினால், அபராதம் கட்டி மேலும் 4 மாதங்களுக்குள் பதிய அனுமதி கேட்கலாம். பத்திரத்தில் உண்மையான தொகையையே எழுதுங்கள்.

பதிவோடு வேலை முடிந்துவிடாது. பட்டாவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்யும்வரை விடாதீர்கள். பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும் இருந்தால், வம்பு வாசலிலேயே காத்திருக்கும்.