கத்தியின் கோணல் எடுக்கும் கலை

ஜப்பானின் சாகாய் நகரத்துப் பட்டறைகளில், உலையில் பழுத்த கத்தியைத் தண்ணீரில் தோய்த்து எடுத்ததும் கொல்லர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். எங்கே, எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

வளைவுக்கான காரணம் கத்தியின் உடம்பிலேயே இருக்கிறது. பச்சை மீனைச் சீவும் யானகிபா கத்தி பெரும்பாலும் ஈரடுக்கு. ஒரு முகம் ஹகானே என்னும் எஃகு. அதில் ஏறத்தாழ 1 சதவீதம் கரி. மறு முகம் ஜிகானே என்னும் பச்சிரும்பு. அதில் கரி மிகச் சொற்பம். இரண்டையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்குகிறார்கள். முழுக்க எஃகாக இருந்தால் எளிதில் உடையும், தீட்டுவதும் பெரும்பாடு. முழுக்க இரும்பாக இருந்தால் கூர் நிற்காது.

சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் கத்தியைத் தண்ணீரில் இறக்கியதும் எஃகின் அணுக்கள் அடுக்கு மாறி மார்ட்டென்சைட் ஆகின்றன. அது மிகக் கடினமானது. முன்பைவிட அதிக இடமும் பிடிக்கும். ஒட்டியிருக்கும் பச்சிரும்பு அப்படி மாறுவதில்லை. ஒரு பக்கம் நீள, மறு பக்கம் நீளாமல் நிற்க, கத்தி இரும்புப் பக்கமாகக் குழிகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஈருலோகப் பட்டையும் இப்படித்தான் வளைகிறது. ஆனால் பட்டை ஆறினால் நிமிர்ந்துவிடும். கத்தி நிமிராது.

150 முதல் 200 டிகிரி வரை மீண்டும் இளஞ்சூடு காட்டி எஃகின் முரட்டுத்தனத்தைச் சற்றுத் தணித்த பிறகு கோணல் எடுக்கிறார்கள். சிறிய நெளிவென்றால், பிளவு வெட்டிய மரக்கட்டையில் கத்தியைச் செருகி மெல்ல நெம்பினால் போதும். பிடிவாதமான வளைவு அதற்கு மசியாது. அழுத்தம் விட்டதும் பழையபடி வளையும், மீறி அழுத்தினால் எஃகு விரிசல் விடும். அங்கேதான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது என்பேன். குழிந்த இரும்புப் பக்கத்தை மேலாக வைத்து, குறுகிய முனையுள்ள சுத்தியலால் சின்னச் சின்னதாகக் கொத்துகிறார்கள். ஒவ்வொரு கொத்திலும் பச்சிரும்பு பக்கவாட்டில் நகர்ந்து இம்மியளவு நீள்கிறது. குட்டையான பக்கம் நீண்டு நெட்டையான பக்கத்தை எட்டும்போது கத்தி தானாக நிமிர்கிறது. எஃகுப் பக்கத்தில் மட்டும் அடி விழக்கூடாது.

இரும்பு, எஃகு, இரும்பு என்று மூன்றடுக்காகச் செய்த கத்தி இவ்வளவு வளையாது. நடு எஃகு ஒருபுறம் ஒதுங்கிப்போனால்தான் தொல்லை.

நிமிர்த்தியதோடு வேலை முடிவதில்லை. சாகாயில் அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு. தீட்டத் தீட்ட உலோகம் தேய்ந்து, உள்ளே அடங்கியிருந்த இழுவிசை சமநிலை குலைகிறது. கத்தி மறுபடி கோணுகிறது. அதனால் தீட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு சுத்தியல் இருக்கும்.

வாங்கிப் பல மாதங்கள் கழித்தும் ஈரடுக்குக் கத்தி இலேசாக வளைவதுண்டு. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், வைஸில் இறுக்கி வளைத்துப் பார்க்காதீர்கள். தொழில் தெரிந்த கைகளில் கொடுங்கள்.