பாதயாத்திரையும் பாதக் கொப்புளமும்

தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தில் பாதக் கொப்புளம் சர்வசாதாரணம். வெறுங்கால் தார்ச்சாலையில் ஓயாமல் உரசும்போது மேல்தோலின் உள்ளடுக்குகள் பிரிகின்றன. அந்த இடைவெளியில் தெளிந்த நீர் ஊறுகிறது. வியர்வை ஈரம் உரசலைக் கூட்டும்.

மூடியிருக்கும் தோலே கிருமிகளுக்குத் தடுப்பு என்பதால், ஊசியால் குத்தாமல் விடுவதே நல்லது. தானாக உடைந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, தோலை உரிக்காமல், ஒட்டாத கட்டுப் போடலாம். மஞ்சள் பற்றும் பற்பசையும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

சர்க்கரை நோயாளிகளின் கதை வேறு. பாதம் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது; அது புண்ணாகி விரலை எடுக்கும் அளவுக்கும் போகலாம். நோகவில்லை என்பது அவர்களுக்கு நல்ல சேதியல்ல. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் மற்றவர்களும் தாமதிக்கக் கூடாது.

எல்லாக் கொப்புளமும் நடையால் வருவதல்ல. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு கிளம்பும் கொப்புளங்கள் பெரும்பாலும் அக்கி. காவியால் அக்கி எழுதிவிட்டுக் காத்திருந்தால் நேரம்தான் வீணாகும். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். புதிய மருந்து சாப்பிட்டபின் வாயிலும் கண்ணிலும் கொப்புளம் கண்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது.