தோட்டத்து வீட்டிலிருந்து நேர்காணல் அறைக்கு

கோலசிலாங்கூர் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்த காலத்தில் உறவும் ஊரும்தான் சிபாரிசு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்த பிறகு, இங்கேயே பிறந்த பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குப் பின்னால் போய் விடியற்காலைப் பெரட்டில் நின்றார்கள். பெயர் பதிவானது, வேலை கிடைத்தது. ராஜா மூசா, புக்கிட் ரோத்தான், துவான் மீ என்று எந்தத் தோட்டத்துப் பெரியவரைக் கேட்டாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை இன்று எஸ்பிஎம் முடித்துவிட்டு ரவாங், செரண்டா, சுங்கை பூலோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் விண்ணப்பம் போடுகிறது. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிகிறது. நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்ல ஆளில்லை; குடும்பத்திலேயே அந்த நாற்காலியில் முதலில் உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான். திறமை இருந்தும் பலர் தடுமாறுவது இங்கேதான்.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் இந்த வேலை, உங்கள் பலம் பலவீனம் என்ன, முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதற்குள் முக்கால்வாசி அடங்கிவிடும். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குப் பூகோளம், வரலாறு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்தார். படித்த பட்டதாரிகளே தோற்றுப்போக, அது நாளிதழ்களில் பெரிய விவாதமானது. பின்னாளில் ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை, எல்லாருக்கும் ஒரே கேள்விகளை வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், போகிற போக்கில் பேசிப் பார்ப்பதைவிட நல்ல ஊழியரைச் சரியாகக் கணிக்கிறது என்றது. தயார் செய்கிறவருக்கு இது பெரிய அனுகூலம். கேள்வி தெரிந்த தேர்வு இது.

ஆனாலும் தயாரிப்பு என்றால் பதிலை மனப்பாடம் செய்வது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பதினொரு வருடம் பள்ளிக்கூடம் பழக்கிய பழக்கம் அது. ‘செரித்தா செடிக்கிட் தெந்தாங் டிரி’ என்று மலாயில் கேட்டவுடன், பெயர், வயது, அப்பாவின் வேலை, உடன்பிறந்தவர்கள், பொழுதுபோக்கு, கடைசியில் ‘நான் கடின உழைப்பாளி’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறோம். பெயரும் வயதும் எதிரே இருக்கும் பாரத்திலேயே உண்டு. கடின உழைப்பாளி என்று அன்று காலையில் வந்த எல்லாருமே சொல்லியிருப்பார்கள்.

பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தையில், ஒரு பெண் கிடங்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன் அனுபவம் இல்லை என்று தாளில் எழுதியிருக்கிறாள். விசாரித்தால், இரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் அத்தையின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்திருக்கிறாள். அவள் சொல்ல வேண்டியது இதுதான்: “அத்தை கடையில் வார இறுதியில் கல்லா பார்த்தேன். இரவில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எங்கே தவறு என்று கண்டுபிடிப்பேன். கடைசி ஆறு மாதம் சாமான் வாங்கும் பட்டியலையும் நானே எழுதினேன். அதனால் மிச்சம் விழுந்து கெட்டுப்போகும் காய்கறி குறைந்தது. உங்கள் கிடங்கிலும் எண்ணிக்கைதான் முக்கியம் என்பதால் விண்ணப்பித்தேன்.” ஒரு நிமிடம் கூட ஆகாது. மனிதவளத் துறையினர் பயிற்சிகளில் நிலைமை, பொறுப்பு, செய்த செயல், கிடைத்த பலன் என்று நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இதற்கு நடுவே ஒரு தயக்கம் வரும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அழகில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல வளர்ப்புதான். அதை உதற வேண்டியதில்லை. ‘நான் பொறுப்பானவன்’ என்பது புகழ்ச்சி. ‘எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி பருப்புக் கணக்கு என் பொறுப்பு, மூன்று நாளும் குறையாமல் பார்த்துக்கொண்டேன்’ என்பது நடந்த செய்தி. பெருமையைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னால் போதும், மதிப்பைக் கேட்பவரே போட்டுக்கொள்வார். விடுமுறையில் அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கியது, பாட்டியை மாதாமாதம் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, தம்பியின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியது எல்லாமே அனுபவம்தான். தோட்டத்திலிருந்து வருவதை மறைக்க வேண்டியதில்லை. வெயிலில் வேலை பார்த்தவரைத் தேடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள்.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு ‘எனக்குப் பலவீனமே இல்லை’ என்பதும் தவறு, ‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்பதும் தவறு. உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்துவருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசத் தயக்கம் என்றால் அதைச் சொல்லலாம், தினமும் பழகுகிறீர்கள் என்றால் மட்டும். எஸ்பிஎம்முக்குப் பிறகு இரண்டு வருட இடைவெளி ஏன் என்று கேட்டாலும் அப்படியே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குத்தகை வேலை பார்த்தேன் என்று நேராகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு: வேலைக்கு எப்படி வருவீர்கள்? பொதுப் போக்குவரத்து குறைந்த இடங்கள் இவை. கோலசிலாங்கூருக்கு ரயில் கிடையாது. ‘எப்படியாவது வந்துவிடுவேன்’ என்றால் கேட்பவருக்கு நம்பிக்கை வராது. நேர்காணலுக்கு முன்பே ஒரு நாள், வேலை தொடங்கும் நேரத்தில், அந்த வழியாகப் போய்ப் பாருங்கள். ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் வருவேன், இத்தனை நிமிடம் ஆகும், மழை என்றால் இத்தனை, இரவு ஷிப்ட் என்றால் அண்ணனோடு வருவேன் என்று சொல்ல முடிந்தவர் பாதிக் கவலையைத் தீர்த்துவிட்டார்.

சம்பளக் கேள்வியில் ‘நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்களே அதிகம். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சிறு நிறுவனங்களுக்கும் அது ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. அதில் இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும், சொக்சோவும் உண்டு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படியான வேலை நேரம். சாதாரண நாளில் அதற்கு மேல் வேலை செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு. இதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எவ்வளவு தயார் செய்தாலும் தீராத கேள்விகளும் உள்ளன. மாண்டரின் பேசுவீர்களா, எப்போது கல்யாணம், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா. வேலைச் சட்டத்தின் புதிய திருத்தம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்து, வேலையிடப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் தந்தது; ஆனால் ஆள் எடுக்கும் கட்டத்தை அது தெளிவாகத் தொடவில்லை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது நாடாளுமன்றம், விண்ணப்பதாரர் அல்ல. அதுவரை ‘அதனால் வேலை பாதிக்காதபடி பார்த்துக்கொள்வேன்’ என்று அமைதியாகச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போவதே நடைமுறை.

மிக முக்கியமாக, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். வீட்டில் தமிழ், நேர்காணலில் மலாய் அல்லது ஆங்கிலம். மனதில் தெளிவாக இருக்கும் பதில், வேறு மொழியில் வாயைத் திறந்தால் சிதறிவிடும். சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிந்தால் வேலை வாய்ப்போடு ஆலோசனையும் கிடைக்கும். அதைவிட அருகில் இருப்பவை தமிழ்ப்பள்ளியும் கோயில் மண்டபமும். நம் ஆட்களில் தொழிற்சாலை சூப்பர்வைசர்கள், ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவர்களில் இருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மலாயில் கேட்கட்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பதில் சொல்லட்டும். முடிந்ததும் எங்கே வேகமாகப் பேசினார்கள், எந்தப் பதிலில் விவரம் இல்லை என்பதைத் தமிழிலேயே எடுத்துச் சொல்லலாம். கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ மனம்வைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.