‘ஹெல்ப்’ என்றால் உதவி மட்டும்தானா?



சங்கரன்கோவில் என்றதும் கோமதி அம்மன் கோயிலும் ஆடித் தபசும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது விசைத்தறி. தறிகள் நிறைந்த தெருக்களில் நடந்தால் ‘தடக் தடக்’ என்ற ஓசை நம்மோடு கூடவே வரும். நெசவு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், ஒரு செய்தி சொல்வார்கள். சிவப்புப் பாவில் வெள்ளை ஊடை ஓடினால், தூரத்திலிருந்து பார்க்கும்போது துணி ரோஜா நிறமாகத் தெரியும். அதே சிவப்புப் பாவில் கறுப்பு ஊடை ஓடினால் துணி அரக்கு நிறமாகிவிடும். சிவப்பு நூல் அதே நூல்தான். அதோடு சேர்ந்த நூல்தான் மாறியது.

சொல்லும் இப்படித்தான். தனியே நிற்கும்போது அதற்கு ஒரு நிறம், பக்கத்துச் சொல்லோடு சேர்ந்தால் வேறு நிறம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நாம் தினமும் வாயில் போட்டு உருட்டும் ‘ஹெல்ப்’ என்ற ஆங்கிலச் சொல். “கொஞ்சம் ஹெல்ப் பண்ணுடா” என்கிறோம். லாரியில் ‘ஹெல்பர்’ இருக்கிறார். தொலைபேசியில் ‘ஹெல்ப்லைன்’ இருக்கிறது. இதற்குப் பொருள் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ‘உதவி’ என்று சொல்லிவிடும். அது சரிதானா? பார்ப்போம்.

அகராதி கைவிடும் இடம்

“ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சிரிப்பதற்கு என்னால் உதவ முடியாது’ என்று வரும். இது பொருளற்ற பேச்சு. உண்மையான பொருள் ‘என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்பது. “இட் கான்ட் பி ஹெல்ப்ட்” என்றால் ‘வேறு வழியில்லை’. விருந்தில் ஒருவர் “ஹெல்ப் யுவர்செல்ஃப்” என்றால், ‘உனக்கு நீயே உதவிக்கொள்’ என்று உபதேசம் செய்வதாக எண்ணிப் பட்டினி கிடக்காதீர்கள். ‘வேண்டியதை எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள்’ என்று உபசரிக்கிறார். ‘செகண்ட் ஹெல்பிங்’ என்பது இரண்டாவது முறை பரிமாறிக்கொண்ட சோறு.

உதவி என்ற சொல்லுக்கும் ‘தவிர்க்க முடியவில்லை’ என்பதற்கும் என்ன உறவு? பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஹெல்பன்’. ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் ‘ஹெல்ஃபன்’ இதன் உறவினர். உதவி செய்தால் துன்பம் தீர்கிறது. அதனால் ‘உதவு’ என்ற பொருளிலிருந்து ‘தீர்த்து வை’, ‘மாற்று’, ‘தடு’ என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. தடுக்க முடியாததைத் தவிர்க்கவும் முடியாது அல்லவா? அப்படித்தான் சிரிப்புக்கும் ‘ஹெல்ப்’ வந்து சேர்ந்தது.

பொருள் மட்டுமா மாறியது? உருவமும் மாறியது. இன்று இறந்தகாலத்துக்கு ‘ஹெல்ப்ட்’ என்கிறோம். முன்பு ‘ஹோல்ப்’, ‘ஹோல்பன்’ என்ற வடிவங்கள் வழங்கின. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் ‘ஹோல்பன்’ என்ற வடிவத்தைக் காணலாம்.

நாம் செய்யும் பிழை

தமிழில் ‘பல உதவிகள் செய்தார்’ என்று எண்ணிச் சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி “ஹி டிட் மெனி ஹெல்ப்ஸ்” என்று தேர்வில் எழுதுவோர் உண்டு. மதிப்பெண் போய்விடும். ஆங்கிலத்தில் இந்தப் பெயர்ச்சொல், தண்ணீரைப் போல எண்ண முடியாதது. “ஹி கேவ் அஸ் எ லாட் ஆஃப் ஹெல்ப்” என்பதே சரி. ‘எனக்கு ஒரு உதவி செய்’ என்பதற்கு “டூ மீ எ ஹெல்ப்” என்பதும் தவறு. அந்த இடத்தில் ‘ஃபேவர்’ என்ற சொல்தான் வரும். “ஷி ஹெல்ப்ட் மீ லிஃப்ட் தி பாக்ஸ்” என்று எழுதலாம். ‘லிஃப்ட்’டுக்கு முன் ‘டு’ சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சரியே.

ஆங்கிலம் மட்டும்தான் இப்படி விளையாடுகிறது என்று நினைக்காதீர்கள். ‘இந்தக் கயிறு உதவாது’ என்கிறோம். கயிறு நமக்கு ஒத்தாசை செய்ய மறுக்கிறது என்றா பொருள்? பயன்படாது என்று பொருள். ‘சகாயம்’ என்றால் உதவி. ஆனால் கடைக்காரர் ‘சகாய விலை’ என்றால் மலிவான விலை என்று புரிந்துகொள்கிறோம். ‘கை கொடுத்தான்’ என்பது ஓரிடத்தில் கைகுலுக்கினான் என்றும், இன்னோரிடத்தில் தக்க சமயத்தில் உதவினான் என்றும் பொருள்படும். பக்கத்துச் சொற்களையும் பேசும் இடத்தையும் பார்த்து நம் மூளை கண்ணிமைக்கும் நேரத்தில் சரியான பொருளைப் பொறுக்கிவிடுகிறது. இன்றைய மொழிபெயர்ப்புக் கணினிகளும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை ஏராளமான வாக்கியங்களிலிருந்து கணக்கிட்டு, அதைக் கொண்டு பொருளை ஊகிக்கின்றன.

அறிவியல் அறைக்குள் ‘ஹெல்ப்’

அறிவியலில் இப்படி நழுவும் சொல்லை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. எனவே அறிஞர்கள் அன்றாடச் சொல்லை எடுத்து, அதற்குத் திட்டமான ஒரு பொருளைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு எடுத்துக்காட்டுகள் பாருங்கள்.

முதலாவது பறவைகளிடம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஏழெட்டாகக் கூடிக் கத்திக்கொண்டு சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். இவற்றின் கூட்டில் குஞ்சு பொரித்தால், தாயும் தந்தையும் மட்டும் இரை கொண்டுவருவதில்லை. கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளும் ஊட்டுகின்றன. இத்தகைய பறவைகளைப் பற்றி அலெக்சாண்டர் ஸ்கட்ச் என்ற பறவையியலார் 1935-ல் எழுதிய கட்டுரையில் ‘கூட்டு உதவியாளர்கள்’ என்ற பொருளில் ‘ஹெல்பர்ஸ்’ என்று குறித்தார். தான் பெறாத குஞ்சுக்கு ஒரு பறவை ஏன் உழைக்க வேண்டும்? உறவினரிடம் தன்னுடைய மரபணுக்களில் ஒரு பகுதி இருக்கிறது. உறவினர் பிழைத்தால் அந்த மரபணுக்களும் பிழைக்கும். இந்த விளக்கத்தை 1964-ல் டபிள்யூ. டி. ஹாமில்டன் கணித முறையில் நிறுவிக் காட்டினார்.

இரண்டாவது நம் இரத்தத்திலேயே இருக்கிறது. வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு ‘ஹெல்பர் டி செல்’, அதாவது உதவி டி செல் என்று பெயர். இவை பெரும்பாலும் கிருமியை நேரே கொல்வதில்லை. வேதிச் செய்திகளை அனுப்பி, எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்களையும் கொல்லும் செல்களையும் தூண்டிவிடுகின்றன. ‘உதவி’ தானே என்று இவற்றை இளக்காரமாக நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி. வைரஸ் முக்கியமாகத் தாக்குவது இந்தச் செல்களைத்தான். சிகிச்சை இல்லாமல் இவை குறைந்துகொண்டே போனால், சாதாரணக் கிருமிகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

உயிர் போகும் நேரத்தில் எந்தச் சொல்?

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆபத்தில் இருப்பவர் “ஹெல்ப்!” என்று கத்துகிறார். நேரில் நிற்பவருக்குப் பொருள் தெளிவு. முகத்தைப் பார்க்கிறார், நெருப்பைப் பார்க்கிறார். ஆனால் பல மைல் தொலைவில் இரைச்சலுக்கு நடுவே கம்பியில்லாத் தந்தியில் கேட்பவருக்கு முகமும் தெரியாது, இடமும் தெரியாது. அங்கே பல பொருள் உள்ள சொல் ஆபத்தானது. எனவே ஒரே ஒரு பொருள் உள்ள குறி தேவைப்பட்டது.

1906-ல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாடு ‘எஸ்.ஓ.எஸ்.’ குறியை ஏற்றது. 1908 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ‘எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் இது என்று பலர் சொல்வார்கள். அது பின்னால் கட்டிய விளக்கம். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என இடைவெளியின்றி வரும் ஓசை வேறெந்தச் செய்தியோடும் குழம்பாது என்பதே உண்மையான காரணம்.

பின்னர் விமானங்களில் வானொலி வழியே பேச்சு வந்தது. பேச்சில் ‘எஸ்’ என்ற எழுத்தின் ஒலி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. 1923-ல் லண்டன் குராய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி பிரெடெரிக் மாக்ஃபோர்டிடம் வேறு சொல் கேட்டார்கள். அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிசுக்குப் பறந்துகொண்டிருந்தன. எனவே ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பைத் தழுவி ‘மேடே’ என்ற சொல்லைத் தந்தார். 1927-ல் அது பன்னாட்டு வழக்கானது. இன்றும் விமானிகளும் மாலுமிகளும் ஆபத்தில் அதை மூன்று முறை சொல்கிறார்கள்.

சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. கலத்தின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஏன் என்பதற்கு ‘டைட்டானிக்’ சாட்சி. 1912 ஏப்ரலில் மூழ்கிய அக்கப்பல் அனுப்பிய இடக்குறிப்பில் பிழை இருந்தது. சில நிமிடங்களில் திருத்தி அனுப்பினார்கள். 1985-ல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, திருத்திய குறிப்பும் சுமார் 24 கிலோமீட்டர் தவறியிருந்தது தெரிந்தது. விரைந்து வந்த ‘கார்பேத்தியா’ கப்பலின் வழியிலேயே உயிர்காப்புப் படகுகள் மிதந்தது நல்வாய்ப்பு. எழுநூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். கப்பல் வேறு திசையிலிருந்து வந்திருந்தால்? எண்ணிப் பாருங்கள்.

நமக்கு என்ன பாடம்?

தறிக்கூடத்தின் இரைச்சலில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 108 எண்ணை அழைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இந்த ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தொடங்கியது. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான எண் 112. ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு 1098. “ஹெல்ப்! சீக்கிரம் வாங்க!” என்று பதறிவிட்டு வைத்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் எங்கே வருவார்?

முதலில் ஓசை குறைந்த இடத்துக்கு நகருங்கள். ஊர், தெரு, பக்கத்திலுள்ள அடையாளம் சொல்லுங்கள். ‘கோயில் பக்கம்’ என்றால் போதாது. எந்தக் கோயில், எந்த வாசல் என்று சொல்லுங்கள். என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சும் நினைவும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள். ‘உதவி’ என்ற சொல்லுக்கும் பக்கத்துச் சொற்களின் உதவி வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. ‘ஹெல்ப்’ வரும் பத்து ஆங்கில வாக்கியங்களைப் பாடநூலிலிருந்து திரட்டுங்கள். எத்தனை இடங்களில் ‘உதவி’ என்ற சொல் பொருந்துகிறது என்று எண்ணுங்கள்.

2. ‘உதவி’யைக் குறிக்க உங்கள் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொற்களைப் பட்டியலிடுங்கள். பாட்டியைக் கேட்க மறக்காதீர்கள்.

3. உங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்கான வழியை நான்கு வரியில் எழுதுங்கள். அதை வெளியூர் நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். அவரால் வழியை வரைய முடிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். முடியாவிட்டால் திருத்தி எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.