செம்பு கற்பிக்கும் பாடம்

பழைய பித்தளைக்கு எவர்சில்வர் தருவதாகக் கூவிவரும் வியாபாரியின் குரலை மதுரை நகரத் தெருக்களும் சுற்றுப்புறச் சிற்றூர்களும் நன்கறியும். பரணிலிருந்து இறங்கும் பாட்டியின் பித்தளைச் செம்பு நேரே தராசில் ஏறிவிடுகிறது. அவ்வாறு ஏற்றுமுன் அதனை ஒருமுறை கையிலேந்திப் பார்ப்போமாக.

வேண்டாத அணிகளை நீக்கி, பயனிலிருந்தே அழகைப் பிறப்பிப்பது நவீன வடிவமைப்பின் கொள்கை. ஜெர்மனியில் 1919இல் தொடங்கப்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியின் உலோகப் பட்டறையில் பயின்ற மாரியன்னே பிராண்ட் என்னும் பெண்மணி, 1924இல் சிறிய தேநீர்க் கெண்டி ஒன்றைச் செய்தார். அரைக்கோள வயிறு, வட்ட மூடி, குறுக்காக அமைந்த இரு பட்டைகளே அடித்தாங்கி. பூவேலை ஏதுமில்லாத அக்கெண்டி இன்று அருங்காட்சியகங்களில் போற்றிக் காக்கப்படுகிறது.

அதே சிறப்பு நம் செம்பிற்கும் உண்டு என்பதை உலகிற்கு உரைத்தவர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர். இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டைச் சுற்றிப்பார்த்த இவ்வடிவமைப்பாளர்கள், 1958இல் அளித்த அறிக்கையில், தாங்கள் கண்ட பொருள்களுள் மிக உயர்ந்ததாகப் பாராட்டியது வடநாட்டார் 'லோட்டா' என்றழைக்கும் நீர்ச்செம்பையே! இதனைப் புதிதாக அமைக்க முனைவோர் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் வினவினர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும்? ஏந்துவது எவர் கை? சுமப்பது தலையிலா, இடுப்பிலா? நிறைந்தபோதும் வெறுமையானபோதும் நிலைத்து நிற்குமா? துலக்குவதற்குக் கை உள்ளே நுழையுமா? பயன் தீர்ந்தபின் உலோகத்திற்கு மதிப்புண்டா? இத்தனைக்கும் விடையான வடிவத்தைத் தனியொருவர் படைத்திருக்க இயலாது. தலைமுறை தலைமுறையாகப் பலரும் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்ததே அது என்பது அவர்கள் கண்ட முடிவு. அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

எவர்சில்வரை நாம் இகழவேண்டுவதில்லை. அது இலேசானது, புளி பட்டாலும் களிம்பு ஏறாதது, அன்றாட அடுக்களைக்கு ஏற்றது. ஆயினும், பித்தளைச் செம்பின் கழுத்தருகே சற்று உற்று நோக்குங்கள். சீராகக் கொணர்ந்த பெண்ணின் பெயரும் ஆண்டும் அங்கே வெட்டப்பட்டிருக்கக்கூடும். உலையில் உருகிய பித்தளை மீண்டும் பாத்திரமாகும், பெயரோ மீளாது.

ஆகவே, இல்லத்திற்கு ஒரு செம்பையேனும் காத்துவைப்போம். புளியிட்டுத் துலக்கி, ஒடுக்கு விழுந்திருப்பின் நிமிர்த்தி, அதனைப் பேத்தியின் கையில் கொடுப்போம். அதன் வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.