மண்ணுக்குள் ஊறும் தேரை

பாலைவனத்தில் செத்துக் கிடந்த தேரை மழைத்துளி பட்டதும் உயிர்த்தெழுந்ததாக ஒரு வாட்ஸ்அப் காணொளி. உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். செத்த தேரை எழாது. சாகாமல் கிடந்ததுதான் எழும். மாதக்கணக்கில் அது எப்படிச் சாகாமல் கிடந்தது என்று காணொளிக்காரருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அரிசோனாவிலும் மெக்சிகோவிலுமாகப் பரந்த சொனோரன் பாலைவனத்தில் அப்படிக் கிடப்பது கோச் மண்வெட்டித் தேரை. பின்னங்கால் அடியில் உள்ள கறுத்த தகட்டால் மண்ணைத் தள்ளியபடி பின்பக்கமாகவே புதைந்து இறங்கும். வருடத்தில் பெரும்பகுதி வாசம் அங்கேதான்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சும். அதே தோல் காய்ந்த மண்ணில் எமனாகிவிடும், உடல்நீரை மண் இழுத்துக்கொள்ளும். இதற்குத் தேரை கண்ட வழிதான் அழகு. சிறுநீரில் கழிக்க வேண்டிய யூரியாவைக் கழிக்காமல் உடம்பிலேயே சேர்க்கிறது. மண் காயக் காய யூரியாவின் அளவு ஏறுகிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி மூடிவைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்குமல்லவா? இங்கே மண்தான் மாங்காய், தேரைதான் உப்பு. மண்ணிலுள்ள சொற்ப ஈரமும் தேரைக்குள் வருகிறது. வராவிட்டாலும், உள்ளே இருப்பது வெளியே போவது குறைகிறது. மாங்காய் வற்றலாகிவிட்டால் சிறுநீர்ப்பையில் தேக்கிய நீர் கைகொடுக்கும். ஊறுகாய் ஜாடியை அவ்வப்போது குலுக்க வேண்டுமே என்றால், அதற்கு ஜூலையில் இடி வருகிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈரம் அடிமண்ணை எட்டும் முன்பே இடிமழையின் அதிர்வு தேரையை எழுப்பிவிடுகிறது. ஆய்வாளர்கள் டிம்மிட், ரூபால் இருவரும் காய்ந்த தரையில் மின்மோட்டாரை ஓடவிட்டார்கள். மழையே இல்லாமல் தேரைகள் மேலே வந்தன. 1980இல் வந்த அவர்களின் இன்னொரு கட்டுரை சொல்கிறது: தன் எடையில் பாதிக்கு மேல் ஈசலை ஒரே இரவில் விழுங்கினால் வருடம் தாண்டியும் தாங்கும். குட்டையில் இட்ட முட்டை எட்டொன்பது நாளிலேயே குட்டித் தேரையாகிக் கரையேறலாம். அதற்குள் குட்டை வற்றினால் தலைப்பிரட்டைகள் அத்தனையும் காலி.

வரலாறு கேட்பவர்களுக்கு: மெக்சிகோவில் உயிரினங்கள் சேகரித்த அமெரிக்க ராணுவ அதிகாரி டேரியஸ் கோச்சின் பெயரை 1854இல் விலங்கியலாளர் ஸ்பென்சர் பெயர்ட் இதற்குச் சூட்டினார். யூரியாக் கணக்கை 1967இல் ஆய்வாளர் மெக்லனஹான் எழுதினார். இது போதும்.

இந்த வித்தையை வைத்து மனிதனையும் உறங்கவைத்து விண்வெளிக்கு அனுப்பலாம் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். நமக்கு யூரியா அந்த அளவு ஏறினால் டயாலிசிஸ்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு. பாலைவன மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் களிக்கிறார்கள். அந்த இரைச்சலும் தேரைக்கு இடிதான். மழையில்லாத நாளில் ஏமாந்து மேலே வரும் தேரைக்கு ஈசலும் கிடையாது, குட்டையும் கிடையாது.